சட்டம் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். வளாகத்தின் சூழலைப் பேணுவதற்காக நீயும் உன் சட்ட பீடத் தோழர்களும் ஒரு குழு அமைத்திருப்பதை வாசித்து மனம் நிறைந்தேன். ஜூன் 5ஆம் திகதி சூழல் தினத்தில் மரக்கன்று நடுவது, பதாகை கட்டுவது, கருத்தரங்கு நடத்துவது என்று நீங்கள் வகுத்திருக்கும் திட்டத்தைப் பற்றி என் கருத்தைக் கேட்டிருந்தாய். அவற்றைச் செய்யுங்கள். ஆனால் அவற்றோடு நின்றுவிட வேண்டாம். மரக்கன்றை எந்தப் பீடத்துப் பிள்ளைகளும் நடலாம். ஒரு கடமை யாருடையது, அது எப்போது நிறைவேற வேண்டும், நிறைவேறாவிட்டால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பிசகில்லாமல் எழுதி, அதை நிருவாகம் ஏற்கும்படி செய்வதுதான் சட்டம் படிக்கும் பிள்ளைகளிடம் நான் எதிர்பார்க்கும் வேலை.

காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞராக இருந்த காலம் எனக்குத் தந்த எண்ணம் இது. யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளை, அதாவது உரிமைப் பத்திரங்களைப் பார்த்தால், இத்தனை பரப்பு, இத்தனை குழி என்று நிலத்தின் அளவையும் நான்கு எல்லைகளையும் சொன்ன பின்னர், அந்தக் காணிக்கு எந்தக் கிணற்றில் எத்தனை பங்கு உண்டு, தண்ணீர் வரும் வாய்க்கால் யாருடைய நிலத்தினூடாகப் போகிறது, கிணற்றுக்கு வழி எது என்பவற்றையும் நொத்தாரிசு எழுதியிருப்பார். காணியைச் சீதனமாகப் பிரித்துக் கொடுக்கும்போது கிணற்றுப் பங்கும் நாலிலொன்று, எட்டிலொன்று என்று பிரியும். பங்காளிகள் முறை வைத்து இறைப்பார்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியாக இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குவதையே நாங்கள் குடிக்கிறோம், பயிருக்கும் பாய்ச்சுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். அந்த நிலையில், நீரைப் பங்கிடுவதை அவரவர் நல்ல மனத்துக்கு விட்டுவிடாமல் உறுதியிலேயே எழுதிவைத்த முன்னோரின் விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆயினும் எழுத்து மட்டும் போதவில்லை என்பதையும் இதே ஊர் காட்டியிருக்கிறது. நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்து, ஆளுக்கொரு கிணறும் குழாய்க்கிணறுமாகப் பெருகிய பிறகு, முறை வைத்து இறைப்பதும் முறை மீறியவரைப் பங்காளி தட்டிக் கேட்பதும் குறைந்து போயின. இன்று பல இடங்களில் கிணற்று நீர் உவராகிவிட்டது. உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று இன்னொரு பெருங்கவலை. ஆகவே நீங்கள் எழுதும் எந்த விதியிலும், அது நடைமுறையில் இருக்கிறதா என்று பார்த்துக் கேட்கும் உரிமையுள்ள ஒருவரையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் சிற்றுண்டிச்சாலையில் இன்னும் லஞ்ச் சீற்றில்தான் சோறு கட்டுகிறார்கள் என்று கோபத்தோடு எழுதியிருந்தாய். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னர், அதே ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து பொலித்தீன் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் பிளாஸ்ரிக் உறிஞ்சிகள், கரண்டிகள், இடியப்பத் தட்டுகள் முதலியனவும் அந்தத் தடைக்குள் வந்தன. அப்படியிருக்க உங்கள் கோபம் நியாயமானதே. ஆயினும் சிற்றுண்டிச்சாலை நடத்துபவரை முதலில் குற்றவாளியாக்க வேண்டாம். அவர் பாவிப்பது பொலித்தீனா, உக்கக்கூடிய தாளா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு பல்கலைக்கழகம் அவரோடு செய்திருக்கும் ஒப்பந்தத்தை வாங்கி வாசியுங்கள். கழுவிப் பாவிக்கும் கோப்பைகள் வைக்க வேண்டும், மிச்சச் சோற்றை வேறாகச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லையென்றால், அடுத்த ஒப்பந்தத்துக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது அதைச் சேர்க்கும்படி கேளுங்கள். கோப்பை கழுவும் தண்ணீருக்கும் ஆளுக்கும் ஆகும் செலவைச் சோற்றுப் பார்சலின் விலையில் ஏற்றாத ஒரு வழியையும் நீங்களே முன்வைக்க வேண்டும். மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் மாதத்தை ஓட்டும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். சூழலைக் காக்கும் செலவு அவர்களுடைய மதியச் சாப்பாட்டில் விழுந்தால் அந்த விதியை நான் நல்ல விதி என்று சொல்லமாட்டேன்.

கையில் விபரம் இல்லாமல் நிருவாகத்திடம் போகாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். பிரசை ஒருவர் தகவல் கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். மாதந்தோறும் எத்தனை அலகு மின்சாரமும் தண்ணீரும் செலவாகின்றன, ஆய்வுகூட இரசாயனக் கழிவும் பழுதான கணினிகளும் எங்கே போகின்றன, கட்டடம் கட்டுவதற்காக எத்தனை மரங்கள் தறிக்கப்பட்டன என்று கேளுங்கள். மரம் என்றதும் நினைவு வருகிறது: பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதை 1951ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் கட்டுப்படுத்தியிருக்கிறது. எங்கள் பனையின் பெயர் நாட்டின் சட்டத்தில் இருப்பது எனக்கு எப்போதும் பெருமையாகவே இருக்கும்.

ஆவணத்தின் பெறுமதிக்கு எங்கள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் வழக்கைவிட வேறு சான்று வேண்டாம். மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது பற்றித் தெற்கைச் சேர்ந்த சூழல் ஆர்வலர் ஒருவர் 2015இல் நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தும்படி மின்நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. அந்தத் தீர்ப்பை முழுமையாக வாசித்து, கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கைகளை நீதிபதிகள் எவ்வளவு நுணுக்கமாக எடைபோட்டிருக்கிறார்கள் என்று பார். எங்கள் கிணறுகளுக்காகத் தெற்கிலிருந்து ஒருவர் வழக்காடியதை நீயும் உன் சிங்கள நண்பர்களும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட விருப்பம்.

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை சூழலைப் பாதுகாக்கும்படி அரசுக்குச் சொல்வதையும், 28ஆம் உறுப்புரை இயற்கையைக் காக்கும் கடமையை ஒவ்வொருவர் மேலும் வைப்பதையும், அவற்றை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்று 29ஆம் உறுப்புரை முடிப்பதையும் சொல்லிச் சலித்திருந்தாய். எனக்கு அதில் சலிப்பு இல்லை. அதே ஏற்பாடுகள் இருக்கும்போதுதான், எப்பாவலையில் பொஸ்பேற் அகழும் திட்டத்துக்கு எதிரான வழக்கில் 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், நாட்டின் இயற்கை வளங்களின் பாதுகாவலராக அரசு நடக்க வேண்டும் என்று சொல்லி அங்குள்ள விவசாயிகளின் பக்கம் நின்றது. வயது குறைவு என்ற தயக்கமும் வேண்டாம். 2019இல் வனுவாட்டு என்ற பசுபிக் தீவு நாட்டிலுள்ள ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 27 சட்ட மாணவர்கள், காலநிலை மாற்றம் பற்றி நாடுகளுக்குள்ள சட்டக் கடமை என்னவென்று சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்கலாமே என்று தொடங்கிய முயற்சி, 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச் சபையின் தீர்மானமாகி, 2025 ஜூலை 23ஆம் திகதி அந்த நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தாக வெளிவந்தது.

நீங்கள் எழுதும் விதியை மாணவர் சங்கத்தின் தீர்மானமாக மட்டும் விட்டுவிடாதீர்கள். இறுதியாண்டுப் பிள்ளைகள் வெளியேறியதும் குழுக்கள் கலைந்துவிடும். பல்கலைக்கழகத்தை ஆளும் மூதவையும் பேரவையும் ஏற்றுக்கொண்ட விதியாக இருந்தால், அடுத்த அணி வந்து அதைக் காட்டிக் கேட்கலாம். தண்ணீர், மின்சாரம், கழிவு பற்றிய கணக்கை ஆண்டுதோறும் மூன்று மொழிகளிலும் அறிவித்தல் பலகையில் இட வேண்டும் என்ற ஒரு வாசகத்தை எப்படியாவது சேர்த்துவிடுங்கள்.

பரீட்சை தொடங்குவதற்கு முன்னரே தகவல் கோரிக்கையைக் கொடுத்துவிடு. நீ படித்து முடிக்கும்போது பதிலும் வந்திருக்கும். விதியின் முதல் வரைவை எனக்கும் அனுப்பு. கடமை யாருடையது என்று சொல்லாத வாக்கியம் எங்கே இருந்தாலும் அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா