படி கட்டுவது ஒரு வார இறுதி வேலையல்ல

ஆசிரியருக்கு,

சென்ற கிழமை உங்கள் பத்திரிகையில் கொட்டேஜ் (ஏரிக்கரை விடுமுறை வீடு) வாங்குவது பற்றி வந்த கட்டுரையில், படகுத்துறைக்கு இறங்கும் படிகளைக் குடும்பமாகச் சேர்ந்து ஒரே வார இறுதியில் கட்டிவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்துவிட்டு மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்களுக்கு ஐந்து வார இறுதிகள் போயின.

ஒன்டாரியோவின் கவார்த்தா ஏரிகள் பக்கம் மகளும் மருமகனும் வாங்கிய வீடு அது. முற்றத்திலிருந்து துறை பத்தரை அடி பள்ளத்தில் இருக்கிறது. இருந்த பழைய படி உக்கிப்போய்விட்டது. முதல் இரண்டு வார இறுதிகளும் குழி தோண்டவே சரியாகிவிட்டன. இங்கே குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும். அத்திவாரம் நாலடி ஆழத்துக்காவது போகாவிட்டால் தூணையே மேலே தூக்கிவிடும். இரண்டடியிலேயே சுண்ணாம்புக்கல் தட்டுப்பட்டது. மருமகன் வாடகைக்கு இயந்திரம் எடுப்போம் என்றார். நான் அலவாங்கு போதும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மத்தியானத்துக்குள் இயந்திரம் வந்துவிட்டது.

மொத்தம் 18 படிகள், நடுவில் நின்று இளைப்பாற ஒரு தட்டு. ஒவ்வொரு படியும் 7 அங்குல உயரம், 11 அங்குல அகலம். மேல் ஒன்பதை மகள் எடுத்துக்கொண்டாள், கீழ் ஒன்பது என்னுடையது. படியைத் தாங்கும் சாய்வுப் பலகைகளில் ஏழு ஏழாக அளந்து, பிசகாமல் வெட்டினேன். மகளோ தன் பலகைகளின் அடியில் மேலதிகமாக ஒன்றரை அங்குலம் அரிந்தாள். "ஏன் பிள்ளை நல்ல மரத்தை வீணாக்கிறாய்?" என்று கேட்டவன் நான்தான்.

விஷயம் இதுதான்: வெட்டிய பலகைக்கு மேல் பூட்டும் மிதிபலகையும் ஒன்றரை அங்குலத் தடிப்பு. அதை அடியில் கழிக்காததால் என் பங்கில் கீழ்ப்படி எட்டரை அங்குலமாகவும், தட்டில் ஏறும் கடைசிப் படி ஐந்தரையாகவும் வந்துவிட்டன. நடுவில் எல்லாம் ஏழு. பார்த்தால் ஒரு பிழையும் தெரியவில்லை. தேநீர்ப் போத்தலோடு இறங்கிய மனைவி, ஏழு ஏழாகப் பழகிவந்த காலைக் கீழ்ப்படியில் வைத்தபோதுதான் தெரிந்தது. முழங்காலில் உரசல், போத்தல் ஏரிக்குள். ஐந்தாவது வார இறுதி முழுவதும் என் ஒன்பது படிகளையும் கழற்றி, அடியை அரிந்து, திரும்பப் பூட்டியதில் கழிந்தது.

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் வள்ளத்துக்கு இறங்கிய கற்படிகளில் இரண்டு கூட ஒரே உயரமில்லை, கைபிடியும் இல்லை, ஓடித்தான் திரிந்தோம். அது ஒன்பது வயதுக் கால்.

அப்புறம், கட்டுரையில் அனுமதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்கள் ஏரி ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் சேர்ந்தது. அங்கே துறையில் கை வைப்பதென்றால் அதை நிர்வகிக்கும் மத்திய அரசு அமைப்பான பார்க்ஸ் கனடாவின் அனுமதி வேண்டும். கரைப் படிக்கு நகராட்சியிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. படியின் அடியை மிதக்கும் துறையோடு இறுக்கிப் பூட்டவும் கூடாது. நீர் ஏறி இறங்கும், பனிக்கட்டி தள்ளும். நடுவில் கீல் போட்ட ஒரு பாலப்பலகை வைத்தோம்.

"ஒரே வார இறுதி" என்ற அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். இடமில்லையென்றால், சாய்வுப் பலகையின் அடியில் மிதிபலகைத் தடிப்பைக் கழிக்கச் சொல்லியாவது ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஊர்காவற்றுறை வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ