நீ சுட்டிக் காட்டத் தொடங்கிய மாதம்

அன்பு மகளுக்கு,

வருகிற ஆனியில் உனக்கு ஒரு வயது நிறைகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்தால் பாதிதான் புரியும். படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போன பிறகு படித்தால் முழுவதும் புரியும். அந்தப் பெண்ணை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். முதல் வருடம் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. வாழ்நாளிலேயே ஒருவர் மிக அதிகமாகக் கற்றுக்கொள்ளும் வருடம் அவருக்கே தெரியாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. உன் வருடத்துக்கு நான் சாட்சி சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதம் வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "பிள்ளை நடக்கிறாளா?" இன்னும் இல்லை. சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறாய். கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிறாய். கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாய். கேரளத்துப் புனலூரில் இருக்கும் உன் அத்தையின் மகன் பத்து மாதத்தில் நடந்தானாம். போனில் பேசும்போதெல்லாம் அத்தை அதைச் சொல்லாமல் வைப்பதில்லை. பாசத்தில்தான் கேட்கிறார், ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நலமாக வளர்ந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் ஓர் அளவுகோல் வெளியிட்டது. பிடியில்லாமல் நடப்பது 8 மாதம் கடந்ததும் வரலாம், 17 மாதம் கடந்தும் வரலாம், இரண்டும் இயல்பே என்கிறது அது. தவழாமலேயே எழுந்து நடந்த பிள்ளைகளும் அந்தக் கணக்கில் உண்டு. பிறகு ஏன் இந்தப் போட்டி?

சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வாக்கர் வாங்கித் தருவதாக ஒரு உறவினர் சொன்னார். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். அதில் உட்கார்ந்து கால் நுனியால் உந்தி ஓடும் பிள்ளைக்கு நடை சீக்கிரம் வருவதில்லை. படியில் வண்டியோடு உருளும் ஆபத்துதான் மிச்சம். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. உன் தாத்தா செங்கோட்டைத் தச்சர் ஒருவரிடம் சொல்லி மரத்தில் நடைவண்டி செய்து வைத்திருக்கிறார். அதற்குப் பின்னால் பிள்ளை தன் காலில் நின்று தள்ள வேண்டும். நீ நின்று தள்ளும் நாள் வரும்வரை அது திண்ணை ஓரத்தில் இருக்கட்டும்.

நான் எழுத வந்தது உன் ஆள்காட்டி விரலைப் பற்றி.

சித்திரையில், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, தரையில் கிடந்த ஒற்றை உளுந்தம்பருப்பை எடுத்தாய். அது வாய்க்குப் போவதற்குள் ஆச்சி பிடுங்கிவிட்டார். அதுவரை எது வேண்டுமானாலும் முழுக் கையையும் விரித்து நீட்டுவாய். கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அழுகை. வைகாசியில்தான் வேறொன்று நடந்தது. கார் நெல்லுக்கு நாற்றங்கால் உழுதுகொண்டிருந்தார்கள். டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் இறங்கின. என் இடுப்பில் இருந்தபடி ஒரு விரலை மட்டும் நீட்டி அவற்றைச் சுட்டினாய். சுட்டிவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாய். நான் எங்கே பார்க்கிறேன் என்று தேடினாய். என் பார்வை கொக்குக்குப் போனதும், திருப்தியோடு நீயும் மறுபடி கொக்கைப் பார்த்தாய். கொக்கைப் பிடித்துத் தரச் சொல்லி நீ கேட்கவே இல்லை.

குழந்தை வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் விரல் நீட்டுவதில் இரண்டு வகை சொல்கிறார்கள். ஒன்று, எடுத்துத் தா என்று கேட்பது. மற்றொன்று, அதோ பார் என்று காட்டுவது. இரண்டாவதில் பிள்ளைக்குக் கைப்பொருளாக ஒன்றும் கிடைப்பதில்லை. இன்னொருவரும் தன்னோடு சேர்ந்து பார்க்கிறார் என்பதே அதன் பலன். தான் பார்ப்பதை அம்மா பார்க்காமல் இருக்கக்கூடும் என்று ஏதோ ஒரு வகையில் தெரிந்தால்தானே காட்டத் தோன்றும்? பிறந்த புதிதில் ஒரு சாணுக்குச் சற்று மேல் இருப்பதுதான் உன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மார்பிலிருந்து என் முகம்வரை உள்ள தூரம் அவ்வளவுதான். இன்று வயலுக்கு அப்பால் மலைமேல் இறங்கும் மேகத்தை எனக்குக் காட்டுகிறாய். உன் முதல் பல்லைவிடவும், நாளை வரப்போகும் நடையைவிடவும் இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

இது திடீரென்று வந்ததும் அல்ல. மார்கழியில் உட்காரத் தொடங்கிய நாட்களில், கையிலிருந்த கரண்டி கட்டிலுக்குக் கீழே விழுந்தால் அதோடு மறந்துவிடுவாய். மாசியில் குனிந்து தேடினாய். மறைந்த பொருள் எங்கோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நான் அடுப்படிக்குப் போனால் அழத் தொடங்கியதும், மாதக்கணக்கில் தூக்கி வைத்திருந்த அத்தையிடமே போக மறுத்ததும் அப்போதுதான். அத்தைக்கு மிகவும் வருத்தம். "என் பிள்ளைக்கு என்னைத் தெரியவில்லையே" என்று கண் கலங்கினார். உன்னவர் யார், அயலார் யார் என்று நீ பிரித்துப் பார்க்கும் பருவம் அது என்று எடுத்துச் சொன்னேன். இப்போது அவரிடம் தாவிக்கொண்டு போகிறாய். பகவதிபுரம் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதும்போது, வீட்டுக்குள் இருந்தபடியே அந்தத் திசையில் விரல் நீட்டுகிறாய். கண்ணில் படாத ரயிலையும் காட்டுகிறாய், மகளே.

பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் என்பதால், கடவுளையோ பெரியவர்களையோ குழந்தையாகப் பாவித்துப் பருவம் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழின் பருவங்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் அவற்றைப் பாடியவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது நீ வந்த பிறகே உறைத்தது. கைகளைத் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரைக்கு 5-ஆம் மாதம். கை கொட்டும் சப்பாணிக்கு 9-ஆம் மாதம். பங்குனியில் சரியாக நீ கை கொட்டினாய். அந்த மாதம்தான் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி. கை கொட்டியபடியே சுகாதார நிலையத்துக்கு வந்தவள் அழுதுகொண்டே திரும்பினாய். 11-ஆம் மாதம் முத்தம். நடந்து வா என்று அழைக்கும் வருகைப் பருவத்தையே அவர்கள் 13-ஆம் மாதத்தில்தான் வைத்தார்கள். 15-இல் அம்புலி, நிலாவைப் பிள்ளையோடு விளையாட வரச் சொல்வார்கள். அதற்கு முன்னால், பிள்ளை தானே நிலாவைக் கண்டு தாய்க்குக் காட்டும் ஒரு பருவத்தையும் பாடியிருக்கலாம் என்று எனக்கு ஓர் ஏக்கம்.

சாப்பாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு கேழ்வரகுக் கூழ், பால்வாடியில் தந்த சத்துமாவுக் கஞ்சி, புனலூரிலிருந்து அத்தை இடித்துக் கொடுத்தனுப்பும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடி. பிறந்த அன்று உன் நாக்கில் சேனை தொட்டு வைக்க ஆச்சி தேன் கொண்டுவந்தார். நான் மறுத்துவிட்டேன், நர்ஸம்மாவும் என் பக்கம் நின்றார். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியை ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலால் தடுக்க முடியாது. ஆச்சிக்கு மனம் சுருங்கியது உண்மை. பிறந்தபோது இருந்த எடை இப்போது மும்மடங்கை நெருங்குவதைப் பார்த்து அதிகம் பூரித்தவரும் அவரே.

நீ பேச்சு கேட்கும் வீடு இரு பக்கத்து வீடு. நம் புளியரைக்குப் பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்த ஊர். ஆச்சியின் அம்மா படித்தது மலையாளத்தில். பிறந்த குழந்தையின் காது எந்த மொழியின் ஒலி வேறுபாட்டையும் பிரித்தறியும்; ஒரு வயதை நெருங்கும்போது சுற்றிலும் கேட்கும் மொழிகளுக்கு அது கூர்மையாகி, மற்றவற்றுக்கு மங்குகிறது. ஆரியங்காவிலிருந்து வந்து பக்கத்தில் குடியிருக்கும் சேச்சிக்கும் எனக்கும் நீ ஒரே பூனையைக் காட்டுகிறாய். அவர் மலையாளத்தில் பதில் சொல்கிறார், நான் தமிழில் சொல்கிறேன். மலைப்பாதையில் கோட்டைவாசல் ஏறும் லாரிகளையும் இருவருக்கும் காட்டிவிடுகிறாய். இரண்டு பதிலையும் வாய் திறந்து கேட்டுக்கொள்கிறாய். உன் வாயிலிருந்து எந்தச் சொல் முதலில் வந்தாலும் எனக்குச் சம்மதம்.

பிறந்தநாளுக்குப் பெரிய விழா இல்லை. சாஸ்தா கோயிலில் மொட்டை, மாமா மடியில் உட்கார்த்திக் காதுகுத்து, சர்க்கரைப் பொங்கல்.

அதற்குள் நான் வேலைக்குப் போய்விடுவேன். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். உன்னோடு இவ்வளவு காலம் இருக்க முடிந்தது அதனால்தான். நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். ஆனி பிறந்ததும் காலை பஸ்ஸில் ஏறிவிடுவேன். நீ அழுவாய் என்று தெரியும். நான் எங்கோ இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். பாலையும் கஞ்சியையும் பற்றி எனக்குக் கவலை இல்லை, ஆச்சி பார்த்துக்கொள்வார். நீ விரல் நீட்டும்போது ஒருவர் பார்க்க வேண்டும், பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். பிள்ளை சுட்டியதைக் கூடவே பார்த்துப் பேசும் வீட்டில் சொற்கள் எளிதாக வருகின்றன என்று ஆச்சியிடம் சொன்னேன். "நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா, உன்னை வளர்த்தது யார்?" என்று கேட்டார். ஆனாலும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பகலில் நீ எதையெல்லாம் காட்டினாய் என்று, நான் திரும்பி வந்ததும் அவர் எனக்கு ஒன்றுவிடாமல் சொல்வார். கொக்கு, பூனை, லாரி, பலாமரத்து அணில், எதுவானாலும். விளக்கு வைப்பதற்குள் உன்னைத் தூக்கிக்கொண்டு போய், இருப்பவற்றை நானும் பார்த்துவிடுவேன்.

உன் அம்மா,
புளியரை