மூளை கம்மி என்று முடிவு கட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செந்தூலில் என் வீட்டுக் கூடத்தில் மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். "இவனுக்கு மூளை கம்மி டீச்சர்" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லும் பெற்றோரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

அப்படி வந்தவன்தான் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன். பின்னம் என்றாலே கொட்டாவி. விசாரித்தால், நள்ளிரவு வரை கைப்பேசியில் கேம். காலை ஐந்தரைக்கு எழுந்து, அரை கோப்பை மைலோவோடு பள்ளி வேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இலேயே சொன்னது. இவனுக்கு அதில் பாதிதான். இரவு ஒன்பதுக்கு மேல் கைப்பேசியை அம்மா வாங்கி வைக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம், ரொட்டி சானாயை நான்காகப் பிய்த்து, "டீச்சர், இது கால் பங்கு" என்றான்.

இன்னொருத்திக்கு வெண்பலகையே மங்கல். கண்ணாடி போட்டதும் 'மக்கு' பட்டம் போயிற்று.

கெட்டிக்காரன் என்று தலையில் தூக்கி வைப்பதும் ஆபத்துதான். 1998-இல் முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வில், அறிவுக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்வியிலேயே துவண்டார்கள். முயற்சிக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள் விடாமல் போராடினார்கள்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். "எத்தனை ஏ?" என்ற கேள்வி மட்டும் நம் வீடுகளில் ஓயவில்லை. பெற்றோர் சந்திப்பில் மதிப்பெண்ணோடு தூக்கம், பசியாறல், கண்பார்வை பற்றியும் ஆசிரியர்கள் இரண்டு வார்த்தை கேட்கலாமே?

கணக்கு டீச்சர்,
செந்தூல், கோலாலம்பூர்