முந்தானையும் கையுறையும்

திருச்சி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேருக்கும் மறுபடி குரல் உயர்ந்துவிடும். அதனால்தான் சாப்பாட்டு வேலையை ஒதுக்கிவிட்டுப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. கொல்லிமலைக்குப் போகிற உன் பைக் குழுவில், ஜாக்கெட், கிளவுஸ், முட்டி கார்டு, கணுக்காலை மூடுகிற பூட்ஸ் இது நாலும் இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். "ஹெல்மெட் சட்டம், போடுறேன். மத்ததெல்லாம் என் உடம்பு, என் டிரஸ். எதைப் போடணும்னு சொல்ல இவங்க யாரும்மா?" என்று கேட்டாய். நான் பேசாமல் இருந்ததும் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்து வைத்துவிட்டாய். கோபம் இல்லை கண்ணு. "என் உடம்பு, என் டிரஸ்" என்று என் இருபத்தேழு வயதில் நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. உன் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

உனக்கு இதை முழுதாகச் சொன்னதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் டிவிஎஸ் 50 ஓட்டித்தான் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் டியூட்டிக்குப் போவேன். வெள்ளைச் சேலை, கொசுவத்தை முழங்காலுக்கு நடுவே அடக்கி, முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு. சுடிதார் போட்டுக்கொள்ளட்டுமா, வண்டி ஓட்ட வசதியாக இருக்கும் என்று ஒருநாள் உன் பாட்டியிடம் கேட்டேன். "நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்றார். அதோடு முடிந்தது. அப்பாவோடு போனால் பின்னால் ஒருபக்கமாகத்தான் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்வது அடக்கமில்லையாம்.

1995இல், ஐப்பசி மாதம், தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு அப்பா வண்டியில் பின்னால் உட்கார்ந்து திரும்பும்போது பாலக்கரை பக்கத்தில் என் முந்தானை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. இழுத்த இழுப்பில் முதுகுப்பக்கமாகப் போய் விழுந்தேன். சின்ன வயதில் என் இடது முழங்கையைத் தடவித் தடவி, "இது மட்டும் ஏம்மா வழவழன்னு இருக்கு" என்று கேட்பாயே, அது அன்றைக்கு வந்தது. சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்க வண்டியோடு கொடுத்த சாரி கார்டு ஆடிச் சத்தம் போடுகிறது என்று அப்பா கழற்றிப் பரணில் போட்டிருந்தார். அன்று ராத்திரியே ஏணி போட்டு ஏறி எடுத்து மாட்டினார். அதற்கப்புறம் அவர் அதைக் கழற்றவே இல்லை.

பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன், 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. பின்னால் உட்காருபவரின் உடுப்பு சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும், பிடித்துக்கொள்ளப் பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும். சேலை என்ற சொல் அதில் இல்லை. ஆனால் யாரை நினைத்து எழுதினார்கள் என்று நமக்குத் தெரியும். பெண்ணின் உடையை மாற்றச் சொல்லாமல் வண்டியை மாற்றச் சொன்ன விதி என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு தனி மரியாதை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், உடை விஷயத்தில் உன்னை யாரும் அதட்டக்கூடாது என்று நான் உன்னைவிட அழுத்தமாக நினைக்கிறேன். துப்பட்டாவை ஒழுங்காகப் போடு என்று உன் அத்தை சொன்னபோதெல்லாம் நான் குறுக்கே வந்தேன், ஞாபகம் இருக்கும். ஆனால் அத்தை சொன்னது பார்க்கிறவர் கண்ணுக்காக. கிளவுஸ் போடு என்று அந்தக் குழு சொல்வது தார் ரோட்டுக்காக. இரண்டும் உன் காதில் ஒரே குரலாக விழுகிறதே, அதுதான் என் கவலை.

முப்பத்து நாலு வருஷ வேலையில் பன்னிரண்டு வருஷம் நான் காயத்துக்குக் கட்டுப்போடுகிற டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தேன். பெரிய விபத்துகளைப் பற்றி எழுதப்போவதில்லை. தலையில் அடிபட்டு வந்தவர்கள் என் மேசைக்கு வருவதற்குள் பல சமயம் எல்லாம் முடிந்திருக்கும். நான் பார்த்தது சின்னதென்று சொல்லி அனுப்புகிற காயங்களை. கீழே விழும்போது மனிதன் முதலில் கையை ஊன்றுவான். யோசித்துச் செய்வதல்ல, உடம்பு தானாகச் செய்வது. அதனால் முதலில் போவது உள்ளங்கை. அங்கே தோல் உரிந்து, உள்ளே பொடிக்கல்லும் தாரும் ஏறியிருக்கும். அப்படியே விட்டால் சீழ் பிடிக்கும். சீழ் பிடிக்காமல் ஆறினாலும் அந்தக் கரி தோலுக்குள்ளேயே தங்கிப் பச்சை குத்தியது மாதிரி நீலமாக நின்றுவிடும். ஆகையால் மரத்துப்போகிற ஜெல்லியைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, சலைன் ஊற்றி ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து ஒவ்வொரு கல்லாக எடுக்க வேண்டும். ஜெல்லி பாதி வலியைத்தான் வாங்கும். மீசை முளைத்த பையன்கள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள்.

ஒரு பையன் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. உன் வயதுதான் இருக்கும். இரண்டு உள்ளங்கையும் போய்விட்டது. எலும்பு எதுவும் முறியவில்லை, ஹெல்மெட் போட்டிருந்தான், தலையில் ஒரு கீறல் கிடையாது. மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான். கூடவே அவன் அம்மா வருவார், தூக்குவாளியில் ரசம் சாதம். வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துப் பிசைந்து ஊட்டுவார். அவன் ஆள் போகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயை மட்டும் திறப்பான். சட்டைப் பொத்தான் போட, தலை சீவ, கால் கழுவ எல்லாவற்றுக்கும் அம்மாதான். அதற்கப்புறம் ரோட்டில் கையுறை இல்லாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த ரசம் சாதம் ஞாபகம் வரும்.

லெக்கின்ஸ் போட்டு ஸ்கூட்டி ஓட்டி விழுந்த பெண்களும் வருவார்கள். அந்தத் துணி தேய்ந்த சூட்டில் உருகி முட்டியில் ஒட்டியிருக்கும். உரித்துத்தான் எடுக்க வேண்டும். ஜீன்ஸ் தாங்கும் என்று நினைக்காதே. சாதாரண ஜீன்ஸ் ரோட்டில் உரசினால் ஒரு நொடி தாங்கினாலே பெரிது.

சட்டத்தைப் பற்றிச் சொன்னாய். பெல்ஜியத்தில் 2011 செப்டம்பரிலிருந்து கையுறை, முழுக்கை ஜாக்கெட், முழுக்கால்சட்டை, கணுக்காலை மூடும் பூட்ஸ் எல்லாம் கட்டாயம். பிரான்ஸில் 2016 நவம்பரிலிருந்து கையுறை கட்டாயம், போடாவிட்டால் அபராதம். அப்படி ஒரு சட்டம் நம் ஊருக்கு வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பூக்கூடையை எக்ஸ்எல் வண்டியில் கட்டிக்கொண்டு விடியக்காலையில் வருகிறவரும், இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டு வருகிறவரும் சித்திரை வெயிலில் ஜாக்கெட் போட முடியாது, வாங்கவும் முடியாது. ஓரங்கட்டி அபராதம் கட்டுவதுதான் நடக்கும். ஹெல்மெட் வேறு. அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 129ஆவது பிரிவு இருப்பது சரி. அதில்கூட டெல்லியில் பெண்களுக்கு மட்டும் ஹெல்மெட் அவரவர் விருப்பம் என்று வெகுகாலம் விட்டுவைத்திருந்தார்கள், 2014 ஆகஸ்டில்தான் மாற்றினார்கள். அத்தனை வருஷமும் அதைப் பெண்களுக்கான சலுகை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெண்ணின் தலையும் அதே ரோட்டில்தானே மோதுகிறது?

ஆக, ஜாக்கெட்டும் கையுறையும் உன் விருப்பம்தான், அதை நான் உன்னிடமிருந்து பிடுங்க மாட்டேன். ஆனால் தெரிந்து எடுக்கிற முடிவுதான் உன் முடிவு. தெரியாமல் எடுத்தால் அது கடைக்காரர் முடிவாகிவிடும். போன மாதம் இங்கே ஒரு கடைக்குப் போய்ப் பார்த்தேன். ரைடிங் ஜாக்கெட் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். முழங்கை ஜிப்பைத் திறந்து உள்ளே இருந்ததை வெளியே எடுத்தேன். பாத்திரம் தேய்க்கிற பஞ்சு மாதிரி இருந்தது, இரண்டு விரலால் நசுக்கினால் விரலோடு விரல் ஒட்டியது. அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறவன், நான் காப்போடு போகிறேன் என்று நம்பிப் போவானே என்று எனக்குப் பதறிவிட்டது.

உள்ளே வைக்கிற காப்பு அட்டையில் ஈஎன் 1621 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்க வேண்டும், கூடவே நிலை 1 அல்லது 2. இரண்டாம் நிலை அடியை அதிகமாக உறிஞ்சும். உடுப்புக்கு ஈஎன் 17092, அதில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று இறங்கும். இழுபட்டுப் போகும்போது துணி எவ்வளவு தாங்கும் என்பது அதிலிருந்து தெரியும். முழங்கை அட்டை கையை மடக்கினாலும் நீட்டினாலும் முழங்கையிலேயே நிற்க வேண்டும். கைப்பக்கம் தளர்வாக இருந்தால் விழும்போது அது வேறெங்கோ போயிருக்கும். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்துத்தான் வாங்கினாய், தெரியும். வாரை மாட்டுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

நல்ல பொருளும் தோற்கும், அதையும் மறைக்க மாட்டேன். ஆஸ்திரேலியாவில் விபத்தில் சிக்கிய 212 பேரை விசாரித்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பைக்குக்கென்றே செய்த ஜாக்கெட்டுகளில் ஏறக்குறைய 30 சதவீதம் விபத்தில் கிழிந்தோ பிரிந்தோ போயிருந்தன. ஆனாலும் கையுறை போட்டிருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. எனக்கு அதில் பிடித்தது இன்னொன்று. பைக் பூட்ஸ் இல்லாவிட்டால்கூட, சாதாரண பூட்ஸ் போட்டவர்களுக்கு ஷூ போட்டவர்களைவிடக் காலில் அடி குறைவு. அதாவது எல்லாம் இருந்தால்தான் ஆச்சு என்று இல்லை. கையில் இருக்கிற காசுக்கு, போகிற தூரத்துக்குத் தகுந்த மாதிரி ஒன்றொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த நாட்டில் 2018இலிருந்து மோட்டோகேப் என்று ஒன்று நடத்துகிறார்கள். கடையில் விற்கிறதைத் தாங்களே வாங்கி, வெட்டித் தேய்த்துச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். காப்புக்குத் தனி நட்சத்திரம், வெக்கையில் உடம்புக்கு எவ்வளவு இதமாக இருக்கும் என்பதற்குத் தனி நட்சத்திரம். சென்னை வெயிலில் வியர்த்துத் தலை சுற்றினால் அதுவே ஒரு ஆபத்து, அதனால் அந்த இரண்டாவதையும் பார்.

தெருமுனைக் கடைக்குப் போக ஜாக்கெட் போடு என்று நான் சொல்ல மாட்டேன். கிளவுஸும் மூடிய ஷூவும் மட்டும் தூரம் பார்க்காமல் போட்டுக்கொள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே போகும்போது முழுதாகப் போ. அந்தக் குழுவின் மேல் கோபப்படாதே. ஏதாவது ஒரு வளைவில் நீ விழுந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப்போவது அவர்கள்தான். அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல் இருக்கட்டும். பிடிக்கவில்லையா, தனியாகப் போ, அதற்கும் உனக்கு உரிமை உண்டு. போனால் எனக்குத் தூக்கம் வராது என்பதை மறைக்கவும் மாட்டேன்.

பென்ஷனிலிருந்து 12,000 ரூபாய் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். எதை வாங்கினாய் என்று கேட்க மாட்டேன்.

இன்னொன்று. தீபாவளிக்கு வண்டியிலேயே வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். ராத்திரி ஓட்டாதே, விடிந்து கிளம்பு. வந்த மறுநாள் என்னை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. டெய்லரிடம் அளவு கொடுத்து ஒரு சுடிதார் தைத்திருக்கிறேன், பேன்ட் கொஞ்சம் தாராளமாக. உன் பின்னால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரப்போகிறேன். துப்பட்டா வேண்டாம் என்று டெய்லரிடமே சொல்லிவிட்டேன். எனக்கொரு ஹெல்மெட்டும் ஒரு ஜோடி கிளவுஸும் கொண்டு வா. என் கை சின்னது, உன் அளவுக்கு ஒன்று குறைத்துப் பார்.

அன்புடன்,
அம்மா