நாலு விரல் இடம் விடு, மகள்

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் பிக்கப் வண்டியின் முதுகில் படுத்துப் பயணம் போகப் பெட்டி வீடு கட்டுகிறோம் என்று நீ அனுப்பிய படங்களை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். நீ வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வேலை செய்ய வேண்டிய விஷயம் இது, அதனால்தான் கடிதமாகவே எழுதுகிறேன். மருமகனிடமும் வாசிக்கக் கொடு.

பின்னால் இருந்த தொட்டியைக் கழற்றிவிட்டு அலுமினியத் தட்டு பூட்டியது நல்ல வேலை. தட்டில் சில்லுக்கு (சக்கரத்துக்கு) மேலே வருகிற மேடு உள்ளே வந்து இடத்தைத் தின்னாது. பெட்டியை முழு அகலத்துக்கும் கட்டலாம், கதவைப் பக்கத்தில் வைக்கலாம், தட்டுக்குக் கீழே சில்லுக்கு முன்னாலும் பின்னாலும் சாமான் பெட்டி மாட்டலாம். படுக்கையைக் கேபினுக்கு மேலே நீட்டிப் போடுவதும் சரிதான். ஆனால் ஐந்தாவது படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பெட்டியின் சட்டத்தை நேரே தட்டோடு வெல்ட் வைக்கப்போகிறோம், கேபினின் பின் கண்ணாடியை எடுத்துவிட்டு உள்ளே போய்வர வழி விட்டு, கேபினையும் பெட்டியையும் தகரத்தால் இணைத்து மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தாய்.

அதைச் செய்யாதே மகள்.

நீ இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, லீவு நாளில் தேயிலைக் கொழுந்து லொறியில் என்னோடு வருவாய். மேல் மலையில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகிற வழியில் ஒரு மதகு இருந்ததே, அதில் இடது முன் சில்லு ஏறும்போது லொறியை நிறுத்தச் சொல்லி நீ அடம்பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? இறங்கிப் பின்னால் நின்று பார்த்தோம். கேபின் வலது பக்கம் சாய்ந்து நின்றது. கொழுந்து ஏற்றிய பாடி நேராக நின்றது. மேல் விளிம்பில் இரண்டுக்கும் நடுவே நாலு விரல் விலகல். “லொறி ரெண்டாப் போகுதாப்பா?” என்று கேட்டாய். இல்லை, அடியில் வண்டியைத் தாங்குகிற சட்டம், செசி, அது முறுக்கிக்கொள்கிறது, சமதரைக்கு வந்ததும் தானாக நேராகிவிடும் என்றேன். நீ நம்பாமல் சமதரை வந்ததும் மறுபடி இறங்கிப் பார்த்தாய்.

உன் வண்டியின் செசியும் அதே சாதிதான். நீளமாக இரண்டு இரும்பு, குறுக்கே சில இரும்பு, ஏணி மாதிரி. முறுக்குவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அது முறுக்குவதால்தான் மேடு பள்ளத்தில் நாலு சில்லும் தரையில் நிற்கின்றன. கேபின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, அது ஒரு கணக்கில் ஆடும். உன் பெட்டி வீடு மாதிரி விறைப்பாக இருக்கும், அதற்கு வளையத் தெரியாது. வளையத் தெரியாததை வளைகிறதோடு வெல்ட் வைத்தால், எது பலவீனமோ அது கிழியும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை பழைய பாடியை மாற்றக் கொடுத்தோம். முந்தின பாடிக்கும் செசிக்கும் நடுவில் நீளமாகக் கட்டை வைத்து, யூ போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. புதிதாகச் செய்தவர்கள் கட்டையை எடுத்துவிட்டு நேராக வெல்ட் வைத்துவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. நாலு மாதம்தான் தாங்கியது. கினிகத்தேனை இறக்கத்தில் வரும்போது கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம். மறுநாள் காலை கிளீனர் டோர்ச் அடித்துக் காட்டினான். வெல்ட் முடிகிற இடத்திலிருந்து செசியில் தலைமயிர் தடிப்புக்கு ஒரு கோடு, அதன் ஓரத்தில் துரு கசிந்து செம்மண் தண்ணீர் மாதிரி வழிந்திருந்தது. அந்த வண்டியில்தான் முந்தின வாரம் நீயும் வந்திருந்தாய். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

ஆகவே பெட்டிக்குத் தனியாக ஒரு அடிச்சட்டம் போடு. அதை ஒரு முனையில் இறுக்கிப் பூட்டி, மறு முனையில் போல்ட்டில் ஸ்பிரிங் வைத்துக் கட்டலாம். செசி முறுக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி வழி விடும். இல்லையென்றால் மூன்று புள்ளியில் நிறுத்தலாம்: ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் நடுவில் ஒன்றே ஒன்று, அது அச்சில் ஆடுவது மாதிரி. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்குமே, அதே நியாயம். செசி இரும்பின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவே விடாதே. பாரம் முழுக்க அந்த இரண்டு விளிம்பில்தான் இருக்கிறது. கேபினுக்குள் வழி வேண்டும் என்று ஆசைப்பட்டால், நடுவில் பஸ் மாதிரி மடிப்பு மடிப்பாக ரப்பர் துருத்தி போடு, தகரம் வேண்டாம். என்னைக் கேட்டால் அந்த வழியே வேண்டாம் என்பேன். மழை ஒழுகுவதற்கு இன்னொரு வாசல் அது.

அடுத்தது நிறை. வண்டியோடு சேர்த்து 2950 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று தகட்டில் இருக்கிறது, வெறும் வண்டி 1850 என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் உன் கையில் இருப்பது 1100. தட்டு 150, பெட்டி 450, தண்ணீர் 80 லீட்டர் என்றால் 80 கிலோ, பேட்டரி 25, பிரிட்ஜும் சாப்பாட்டுச் சாமானும் 40, நீங்கள் இரண்டு பேர் 140, ஸ்பெயார் சில்லும் ஜாக்கும் கயிறும் 60. கூட்டினால் 945. மிச்சம் 155. இதில் மெத்தை இல்லை, உடுப்பு இல்லை, சட்டி பானை இல்லை, இரண்டு கேன் டீசல் இல்லை, பக்கத்தில் விரிக்கிற கூடாரத் துணி இல்லை. 155 கிலோ எங்கே போனது என்றே தெரியாமல் போய்விடும். காகிதக் கணக்கை நம்பாதே. பெட்டி ஏற்றியதும் லொறி நிறுக்கும் தராசில் ஏற்று. முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக, பிறகு மொத்தமாக நிறுத்துப் பார். பிறகு சாமான் எல்லாம் ஏற்றி இன்னொரு முறை.

மொத்தம் சரியாக இருந்தாலும் எங்கே வைக்கிறாய் என்பது வேறு. மழைக்காலத்தில் ஈரக் கொழுந்து இன்னும் கனம் காட்டும். ஒருநாள் பையன்கள் அவசரத்தில் சாக்கையெல்லாம் வால் பக்கமே அடுக்கிவிட்டார்கள். ஏற்றத்தில் முடக்கு வளைவில் திருப்பும்போது ஸ்டியரிங் கையில் பஞ்சு மாதிரி இருந்தது, முன் சில்லு திரும்புகிறது, லொறி திரும்பவில்லை. நிறுத்தி, மழையிலேயே அத்தனை சாக்கையும் முன்னால் மாற்றிய பிறகுதான் நகர்ந்தேன். கணக்காகச் சொல்கிறேன்: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மீட்டர் இருந்தால், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் வைக்கிற 100 கிலோ, முன் சில்லிலிருந்து 33 கிலோவைத் தூக்கிவிடும், பின் சில்லில் 133 ஏறும். எனவே தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் பின் அச்சுக்கு முன்னால், எவ்வளவு கீழே வைக்க முடியுமோ அவ்வளவு கீழே. தொட்டிக்குள் தடுப்புத் தகடு இருக்க வேண்டும். அரைத் தொட்டித் தண்ணீர் வளைவில் ஒரு பக்கமாக ஓடி அடிக்கிற அடியைப் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டியவர்களிடம் கேட்டால் தெரியும். பின்பக்கம் தொங்குகிறது என்று யாராவது பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை வைக்கச் சொன்னால் முதலில் பாரத்தைக் குறை. அந்தப் பை பாரம் முழுவதையும் செசியின் ஒரே இடத்தில் போட்டு அழுத்தும், வாலில் கனம் இருந்தால் செசி அந்த இடத்தில் வளைந்துவிடும்.

குளிரும் ஈரமும் உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. லயத்துத் தகரம் விடியக்காலையில் உள்பக்கமாகச் சொட்டிப் போர்வை நனைந்துபோகுமே, அது கூரை ஓட்டை இல்லை, நம் மூச்சுதான். இரண்டு பேர் தூங்குகிற சின்னப் பெட்டியில் இன்னும் மோசம். நுரைப் பலகையைத் தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டு, உள்ளே தெரிகிற இரும்புச் சட்டத்தையும் மூடு, மேலே ஒரு துவாரமும் கீழே ஒரு துவாரமும் எப்போதும் திறந்திருக்கட்டும். கூரை மூட்டுகளுக்கு சிலிக்கோன் வேண்டாம். ஒருமுறை பூசினால் பிறகு அதன் மேல் எதுவும் ஒட்டாது, ரிப்பேர் பண்ணவே முடியாது. பொலியூரிதேன் பசை போடு. அலுமினியத்தில் இரும்பு போல்ட் படுகிற இடத்தில் எல்லாம் நடுவில் பிளாஸ்டிக் வாஷர்.

கேஸ் சிலிண்டரை வெளியே திறக்கிற தனிப் பெட்டிக்குள் வை, அதன் அடியில் துளை இருக்க வேண்டும். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. நுவரெலியாப் பக்கம் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவர்கள் எழும்பாமல் போனது உனக்குத் தெரியும். கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கைப் பக்கத்தில் மாட்டு, அம்மா சார்பிலும் கேட்கிறேன். கரண்ட் வேலை மருமகனுக்கு நன்றாகத் தெரியும், இரண்டே வார்த்தை: பியூஸ் பேட்டரிக்குக் கிட்ட இருக்கட்டும், லித்தியம் பேட்டரியைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், 0 பாகைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது.

பெர்த் வரைக்கும் போகிறீர்கள், நல்லது. அவுஸ்திரேலியாவின் நல்லர்போர் சமவெளியில் 146 கிலோமீட்டருக்கு ஒரு முடக்குகூட இல்லாத ரோடு என்று அறிந்தேன். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு 100 மீட்டர் நேராக ஓட்டக் கிடைக்காமல் காலம் தள்ளியவனுக்கு அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, வீடியோ எடுத்து அனுப்பு. மேற்கு மாநில எல்லையில் பழம், காய்கறி, தேன் எல்லாம் வாங்கி வைத்துவிடுவார்களாம், அதற்கு முன்னால் சமைத்து முடித்துவிடுங்கள். கிறவல் ரோட்டில் சலவைப் பலகை மாதிரி வரி விழுந்திருக்கும், அதில் ஒருநாள் ஓடினால் எல்லா நட்டும் இளகும். முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, பெட்டியின் போல்ட்டையும் சில்லு நட்டையும் கையால் பார்த்து இறுக்கு. நட்டின் மேல் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால் இளகியதைக் கண்ணாலேயே பிடிக்கலாம்.

வெல்டிங்காரரை இந்த வாரம் வரச்சொல்லியிருந்தால் நிறுத்தி வை. சமதரையில் வண்டியை விட்டு, கேபின் பின்பக்கத்திலும் தட்டின் முன் தடுப்பிலும் நேருக்கு நேராக ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போடு. பிறகு இடது முன் சில்லை ஒரு மேட்டில் மெதுவாக ஏற்றி, இறங்கிப் போய்ப் பார். கோடு எவ்வளவு விலகியது என்று அளந்து, படத்தோடு எனக்கு எழுது. அதைப் பார்த்துத்தான் ஸ்பிரிங் எவ்வளவு வேண்டும் என்று சொல்வேன்.

அன்புடன்,
அப்பா