செல்லாத ஒப்பந்தத்தில் பணம் யாரிடம் தங்குகிறது? நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை நீதிபதிகளுக்கும் சட்ட ஆணையங்களுக்கும்,

வணக்கம்.

"ஒப்பந்தம் சட்டவிரோதமானது, வழக்கு தள்ளுபடி" என்று எழுதினால் நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டதாகத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் பணம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது சாதகமாகிவிடுகிறது. முன்பணம் வாங்கி ஏமாற்றியவர் தப்புகிறார். வேலையை முடித்துவிட்டுக் கூலிக்குக் காத்திருப்பவர் வெறுங்கையோடு போகிறார். யார் தவறு பெரிது என்ற கேள்வியே எழுவதில்லை.

இந்தக் கடுமைக்கு 1775ஆம் ஆண்டின் ஹோல்மன் எதிர் ஜான்சன் என்ற இங்கிலாந்து வழக்கையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பிரான்சின் டன்கர்க் நகரில் தேயிலை விற்றவருக்கு, வாங்கியவர் அதை இங்கிலாந்துக்குள் கடத்தப்போவது தெரியும். ஆனால் கடத்தலில் அவருக்குப் பங்கில்லை. சரக்கைக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. அவருக்குப் பணம் சேர வேண்டும் என்றே நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். மேற்கோள் காட்டுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

1993இல் டின்ஸ்லி எதிர் மில்லிகன் வழக்கில் வேறொரு சிக்கல். அரசு உதவித்தொகையை ஏமாற்றிப் பெறுவதற்காக, இருவர் சேர்ந்து வாங்கிய வீட்டை ஒருவர் பெயரில் மட்டும் பதிந்திருந்தார்கள். மற்றவர் அந்த ஏமாற்றைச் சொல்லாமலேயே தன் பங்கை நிரூபிக்க முடிந்ததால் வென்றார். அதாவது, வாதத்தை எப்படி அமைக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்தது. 2016இல் பட்டேல் எதிர் மிர்சா தீர்ப்பு இந்த அணுகுமுறையைக் கைவிட்டது. வெளியில் அறிவிக்கப்படாத உள்தகவலை வைத்துப் பங்குகளில் சட்டவிரோதமாகப் பந்தயம் கட்டக் கொடுத்த 6,20,000 பவுண்டு, பந்தயமே நடக்காததால் திருப்பித் தரப்பட வேண்டும் என்றானது.

ஆகவே, முதலில் மீறப்பட்ட சட்டம் யாரைக் காக்க வந்தது என்று பாருங்கள். வேலை அனுமதி இல்லாதவருக்குக் கூலி மறுத்தால், முதலாளிக்கு இலவச உழைப்பு கிடைக்கிறது. அனுமதியற்றவர்களையே அவர் மீண்டும் தேடுவார். சட்டத்தின் நோக்கம் அங்கேயே தோற்றுப்போகிறது. அடுத்து, தவறான காரியம் எந்த அளவு நடந்தது என்று பாருங்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்வதும் கொடுத்ததைத் திருப்பச் சொல்வதும் ஒன்றல்ல. லாபத்தை மறுத்துவிட்டு அசலை மட்டும் திருப்ப உத்தரவிடலாம். ஒப்பந்தத்தின் சட்டவிரோதப் பகுதியிலிருந்து பிரிக்கக்கூடிய நல்ல பகுதியைக் காப்பாற்றலாம்.

ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கும் "ஒழுக்கக்கேடு" என்ற காரணத்தை மிகக் குறுக்குங்கள். 1866இல் பியர்ஸ் எதிர் புரூக்ஸ் வழக்கில், பாலியல் தொழில் செய்த பெண் தன் தொழிலுக்கு எடுத்த குதிரை வண்டிக்கு, அது தெரிந்தே கொடுத்தவரால் பணம் பெற முடியவில்லை. இந்த விதி நீடித்தால், அத்தகைய பெண்களுக்கு வீடும் வண்டியும் கொடுக்க யாரும் துணியமாட்டார்கள்.

தள்ளுபடியே சரி என்று கருதினாலும், அதன்பின் எவ்வளவு தொகை யாரிடம் தங்கும், அது ஏன் ஏற்கத்தக்கது என்பதைத் தீர்ப்பிலேயே எழுதுங்கள்.