கேமராவுக்கு முன்பே ஒரு டஜன் காப்பி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த புகைப்பட வரலாற்றுக் கட்டுரை நன்றாக இருந்தது, ஒரு இடம் மட்டும் இடிக்கிறது. 1839-இல் பிரெஞ்சுக்காரர் டாகேரின் புகைப்பட முறை வரும்வரை ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும்தான் தங்கள் முகத்தைப் படமாகப் பார்க்கும் கொடுப்பினை இருந்தது என்கிறார் கட்டுரையாளர். அப்படியில்லை. அதற்கு நாற்பது வருஷம் முன்பே அமெரிக்காவில் வியாபாரிகளும் வக்கீல்களும் ஒரு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரையவைத்து, காப்பி போட்டு சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மிஷினுக்குப் பெயர் பிசியோனோட்ரேஸ். பிரான்சில் 1780-களில் வந்தது. அமெரிக்காவில் அதை வைத்துப் பேர் வாங்கியவர் செயின்ட்-மெமின், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி 1793-இல் நியூயார்க் வந்து, பிழைப்புக்காகச் செப்புத் தகட்டில் செதுக்கும் வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டவர். ஆளைப் பக்கவாட்டில் உட்கார வைத்து, உயரமான மரச்சட்டத்தில் இருக்கும் துளை வழியாகப் பார்த்தபடி நெற்றி, மூக்கு, தாடை என்று ஓரத்தைத் தொடர்ந்து போனால், அதோடு இணைந்த பென்சில் ஆளுயர அளவிலேயே தாளில் கோடு இழுக்கும். மிஷின் வேலை அவ்வளவுதான். கண், முடி, சட்டைக் காலர் எல்லாம் கைவேலை. அப்புறம் பேன்டோகிராஃப் என்ற, படத்தின் அளவை மாற்றும் கருவியை வைத்து அதையே இரண்டு அங்குல வட்டமாகச் சுருக்கிச் செப்பில் செதுக்கி அச்சடிப்பார். பெரிய படம், செப்புத் தகடு, பன்னிரண்டு அச்சுப் பிரதிகள், எல்லாம் சேர்த்து ஆண்களுக்கு 25 டாலர், பெண்களுக்கு 35. (கொண்டை வரைவதற்குக் கூடுதல் கூலியோ என்னவோ!)

அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் 1804-இல் இவரிடம் உட்கார்ந்தார். அதே வருஷம் வாஷிங்டன் வந்த ஓசேஜ் பழங்குடித் தலைவர்களையும் இவர் வரைந்திருக்கிறார், எனக்கு அவைதான் அவர் வேலையிலேயே உசத்தி. ஊர் ஊராகப் போய் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முகங்களைச் செய்தவர் என்றால் அத்தனை பேருமா பிரபுக்கள்?

25 டாலர் அன்று சின்னக் காசு இல்லை என்பீர்கள். சரி, பிலடெல்பியாவில் ஓவியர் பீல் நடத்திய மியூசியத்துக்குப் போனால், அங்கே அடிமையாக இருந்து விடுதலையான மோசஸ் வில்லியம்ஸ் இதே மாதிரி ஒரு மிஷினில் சில சென்ட்டுக்கே நிழலுருவம் வெட்டித் தந்தார். அதற்குக் கூட்டம் அலைமோதியது.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்துங்கள். முடிந்தால் செயின்ட்-மெமின் படம் ஒன்றை அசல் அளவிலேயே போடுங்கள். இரண்டு அங்குலம்தானே, ராசிபலனில் ஒரு கட்டத்தை எடுத்தால் இடம் கிடைத்துவிடும்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்